கிண்டி வேலிக்கு உள்ளேயும் வெளியேயும்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 'தேசியப் பூங்காவும் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களும்' என்று பள்ளியில் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். கிண்டியில் என்னென்ன இருக்கின்றன என்பது முதல் கேள்வி. நம்ம வடசென்னைப் பக்கம் அப்படி எதுவுமே கிடையாதா என்பது இரண்டாவது. மூன்றாவதைத் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு பச்சைக்கிளியும் ஒரு நட்சத்திர ஆமையும் வளர்க்கிறாராம். கட்டுரைக்காக எதையோ படித்த மகள், "அம்மா, அந்த ஆன்ட்டியை ஜெயில்ல போட்டுடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். பூங்காவுக்குள் இருந்தால்தானே பாதுகாப்பு, வீட்டில் இருப்பதற்கு என்ன சட்டம் என்பது அம்மாவின் சந்தேகம்.

அந்தக் கடைசிச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். மற்றது பிறகு சுலபமாக விளங்கும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகச் செய்கிறது. ஒன்று, விலங்குகளின் பெயர்களைப் பட்டியல் போட்டு, இவற்றைப் பிடிக்காதே, கொல்லாதே, விற்காதே, வீட்டில் வைத்திருக்காதே என்கிறது. இன்னொன்று, நிலத்தில் கோடு கிழித்து, இது தேசியப் பூங்கா, இது சரணாலயம் என்று அறிவிக்கிறது. பட்டியலில் பெயர் உள்ள விலங்குக்கு அந்தக் கோடு தேவையே இல்லை. கிண்டிக்குள் நிற்கும் வெளிமானுக்கு என்ன பாதுகாப்போ, அது வேலி தாண்டி சர்தார் படேல் சாலையில் வந்து நின்றாலும் அதே பாதுகாப்புதான். நாகப்பாம்பு முதுமலையில் இருந்தாலும் நாகப்பாம்பு, மாதவரத்தில் யார் வீட்டு பாத்ரூமில் இருந்தாலும் நாகப்பாம்பு. அப்படியானால் கோடு எதற்கு? அது அந்த விலங்கு மேயும் புல்லுக்கும் குடிக்கும் குட்டைக்கும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வடசென்னைக்கு வரும்போது இதுதான் நம்மை உறுத்தப் போகிறது.

பட்டியல்களைப் பற்றி ஒரு திருத்தம். முன்பு ஆறு பட்டியல்கள் இருந்தன. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2023 ஏப்ரல் 1 முதல் அவை நான்காகிவிட்டன. முதல் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்சப் பாதுகாப்பு. அவற்றை வேட்டையாடினால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை, அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். இரண்டாவது பட்டியல் அதற்கு அடுத்த படி. பொதுவான மீறல்களுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மூன்றாவது செடிகொடிகளுக்கு. நான்காவது, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் (CITES) கீழ் வரும் வெளிநாட்டு இனங்களுக்கு. கடையில் வாங்கிய கைடில் இன்னும் ஆறு என்று இருந்தாலும், மகளை நான்கு என்றே எழுதச் சொல்லுங்கள்.

'வேட்டை' என்றதும் துப்பாக்கிதான் நம் நினைவுக்கு வரும். சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் ரொம்ப விரிவு. பிடிப்பது, கண்ணி வைப்பது, முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாமே வேட்டைதான். இன்னொரு சுவையான விஷயம்: பழைய சட்டத்தில் 'தொல்லை விலங்கு' என்று ஒரு பட்டியல் இருந்தது. காக்கை, எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் எல்லாம் அதில்தான் இருந்தன. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே தூக்கிவிட்டது. நம் மொட்டைமாடிக் காக்கைக்கு இப்படி ஒரு மரியாதை வரும் என்று யார் நினைத்தார்கள்!

சரி, கிண்டிக்கு வருவோம்.

உங்கள் வீட்டிலிருந்து போவது ரொம்பச் சுலபம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். எங்கள் காலத்தில் அப்படி இல்லை. எங்களுக்கு விலங்கு என்றாலே 'உயிர் காலேஜ்'தான். சென்ட்ரல் பக்கத்தில், மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பழைய மிருகக்காட்சி சாலையை வடசென்னைக்காரர்கள் அப்படித்தான் சொல்வோம். எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்'. 1855இல் அந்த மியூசியத்தோடு ஒட்டித் தொடங்கிய விலங்குக் கூடம்தான் பிறகு உயிர் காலேஜ் ஆனது, 1985இல் வண்டலூருக்குப் போனது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளைகள் கட்டுரையில் அடிக்கடி வண்டலூரையும் கிண்டியையும் குழப்பிவிடுவார்கள். வண்டலூர் மிருகக்காட்சி சாலை. அங்கே புலியும் சிங்கமும் அடைப்பில் இருக்கும், வேளாவேளைக்குச் சாப்பாடு வரும். கிண்டி காடு. அங்கே உள்ள விலங்கு தானே மேய்ந்து, தானே குட்டி போட்டு, தானே செத்தும் போகும். கிண்டிச் சிறுவர் பூங்கா இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு வகை. டிக்கெட் வாங்கிக்கொண்டு நாம் போவது அங்கேதான். அதற்குப் பின்னால் உள்ள தேசியப் பூங்காவுக்குள் நினைத்தபோது யாரும் நுழைய முடியாது.

தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்து. கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலையில் உள்ள இந்திரா காந்தி பூங்கா, மன்னார் வளைகுடா கடல் பூங்கா. இதில் கிண்டி மிகச் சிறியது, சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். நாட்டிலேயே சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று, அதுவும் நகரத்துக்கு நடுவில் இருப்பது. ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய காடு. கில்பர்ட் ரோட்ரிக்ஸ் என்பவரிடம் இருந்த வேட்டைக்காடாக இருந்ததை 1821இல் அரசு 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910இல் காப்புக்காடு ஆனது. பிறகு ஐஐடி, காந்தி மண்டபம், பாம்புப் பண்ணை, புற்றுநோய் மருத்துவமனை என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய், மீதியை 1970களில் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பாதிக் காட்டைக் கொடுத்துவிட்டு மீதிக்குப் பட்டம் கட்டினார்கள் என்றும் சொல்லலாம்.

அந்தக் காடு எந்த வகை என்பது முக்கியம். சோழமண்டலக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு அது. களா, காரை, சூரை, குருந்து, நாவல், வேம்பு, பனை என்று முட்புதரும் குட்டை மரமுமாக இருக்கும். தண்ணீர் குறைந்தாலும் இலை முழுக்க உதிராது. ஒரு காலத்தில் இந்தக் கரையெங்கும் பரவியிருந்தது. இப்போது கோயில் காடுகளிலும் கிண்டி மாதிரி இடங்களிலும் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. மான் பார்க்கப் போகிறவர்கள் இந்தச் செடிகளைக் கவனிப்பதே இல்லை. என்னைக் கேட்டால், கிண்டியில் மானைவிட அரிதானது அந்தக் காடுதான். 350க்கும் மேற்பட்ட தாவர வகைகள் அங்கே இருக்கின்றன.

விலங்கில் பெரிய பெயர் வெளிமானுக்கு. இரலை என்றும் சொல்வார்கள். முதல் பட்டியலில் உள்ள விலங்கு. வளர்ந்த கிடா முதுகில் கருத்து, வயிற்றில் வெளுத்து, முறுக்கின இரண்டு கொம்போடு நிற்கும். பெட்டை வெளிர்பழுப்பு, பொதுவாகக் கொம்பு இருக்காது. பக்கத்திலேயே புள்ளிமான் கூட்டம் கூட்டமாக மேயும். மகள் இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். புள்ளிமான் கொம்பு கிளை விட்டிருக்கும், ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைக்கும். வெளிமான் கொம்பு கிளை விடாது, விழவும் விழாது, ஆயுசுக்கும் அதே கொம்புதான். விலங்கியல்படி வெளிமான் மானே இல்லை, ஆடுமாடு குடும்பத்துக்காரர். இதை எழுதினால் டீச்சர் நிமிர்ந்து பார்ப்பார்.

வெளிமானுக்குப் பெயரிலேயே குறிப்பு இருக்கிறது. அது வெட்டவெளியில் வாழும் விலங்கு. எதிரி வந்தால் ஒளிந்துகொள்ளாது, தூரத்திலேயே பார்த்து ஓடித் தப்பிக்கும். அதற்குப் புல்வெளி வேண்டும். கிண்டியிலோ புதர் அடர்ந்துகொண்டே போகிறது. காட்டுக்கு அது நல்லது, வெளிமானுக்கு நல்லதில்லை. புள்ளிமானோ புதரிலும் இருக்கும், மரத்தடியிலும் இருக்கும், கல்லூரி ஹாஸ்டல் வாசலிலும் நிற்கும். அதனால் எண்ணிக்கையில் புள்ளிமான் எப்போதும் முந்திக்கொள்கிறது. வேலி போட்டுவிட்டால் எல்லா விலங்கும் பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். உள்ளே ஒரு விலங்கின் லாபம் இன்னொன்றின் நஷ்டமாக இருக்கும் என்பதைக் கிண்டிக்குள் பத்து நிமிடம் நின்றாலே பார்க்கலாம். பிளாஸ்டிக் பையைத் தின்று சாகும் மான்களும், தெருநாய் துரத்திக் கிழிக்கும் மான்களும் தனிக் கதை.

இவை போக நரி, கீரி, புனுகுப்பூனை, மரநாய், முயல், அணில், குல்லாய்க் குரங்கு, பால் ஆமை, நட்சத்திர ஆமை, ஏராளமான பாம்பு, பல்லி, பட்டாம்பூச்சி. பறவையில் மட்டும் 130 வகைகளுக்கு மேல். கீரியைப் பற்றி ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஓவியத் தூரிகைக்காகக் கீரி முடியை எடுக்க ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். ஒரு தூரிகை பாக்கெட்டுக்குப் பின்னால் எத்தனை கீரி என்று வாங்குகிறவர்கள் யோசித்ததே இல்லை. இப்போது அதை விற்பதும் வாங்குவதும் குற்றம். மகள் டிராயிங் கிளாஸ் போகிறவளாக இருந்தால் நைலான் தூரிகை போதும்.

இனி நம்ம பக்கம். வடசென்னைக்குள் தேசியப் பூங்கா கிடையாது. சரணாலயமும் கிடையாது. ஆனால் விலங்கு இருக்கிறது, நிறையவே.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் கொருக்குப்பேட்டையில் ஏறி, கிழக்குப் பக்க ஜன்னல் ஓரம் உட்காருங்கள். எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் வண்டி கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும். மார்கழி, தை மாதக் காலை என்றால் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் கூழைக்கடா, சங்குவளை நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், நெடுங்கால் உள்ளான், ஆலா என்று வரிசையாகப் பார்க்கலாம். பின்னணியில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இத்தனை தொழிற்சாலைக்கு நடுவில் பறவை எப்படி என்று கேட்பார்கள். ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் கடலும் சேரும் இடம் அது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் சேற்றில் புழுவும் இறாலும் மட்டியும் பெருகும். கரையோரம் அலையாத்தி மரங்கள் நிற்கும். அதன் வேர்ச்சந்தில்தான் மீன்குஞ்சுகள் வளரும். சோறு இருக்கும் இடத்துக்குப் பறவை வரத்தான் செய்யும். புகைபோக்கி பழகிவிட்டது அதற்கு.

நான் முதலில் சொன்ன வித்தியாசம் இங்கேதான் வந்து நிற்கிறது. எண்ணூர் கழிமுகத்தில் நிற்கும் கூழைக்கடாவின் ஓர் இறகைப் பிடுங்கினாலும் குற்றம். ஆனால் அது இரை தேடும் சேற்றின் மேல் வனவிலங்குச் சட்டத்தின் கோடு எதுவும் இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன, அலையாத்தியும் சேற்றுத் திட்டும் அதில் முதல் வகைக்குள் வரும் என்பது உண்மைதான். இருந்தும் அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்தது எங்கள் கண்ணெதிரேதான். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரையொதுங்கியதும், இளைஞர்கள் வாளியில் அள்ளியதும் நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தபோது, வெள்ளைக் கூழைக்கடாக்கள் கறுத்துப் போய் நின்றன. எண்ணெய் படிந்த இறகு தண்ணீரைத் தள்ளாது, உடம்புச் சூட்டையும் காக்காது. பறவை இறகைக் கோதிக் கோதி அந்த எண்ணெயை விழுங்கும். பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் அதற்கு என்ன லாபம்?

இது போதாதென்று 'காக்கா ஆழி'. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிப்பி வகை. கறுப்பாக, கொத்துக் கொத்தாக ஆற்றுத் தரையில் கம்பளம் விரித்தது போல அப்பிக்கொள்ளும். அதன் அடியில் மஞ்சள் மட்டி மூச்சு முட்டிச் சாகும், சேற்றைக் கிளறித் தின்னும் இறாலுக்கும் இடம் இருக்காது. எண்ணூர் மீனவர்கள் அலறியும் அது பழவேற்காடு வரை போய்விட்டது.

பழவேற்காடு வேறு கதை. அங்கே கோடு இருக்கிறது. சில்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், மீதி திருவள்ளூர் மாவட்டத்தில். நம் பக்கத்தில் 1980இலிருந்து பறவைகள் சரணாலயம், சுமார் 153 சதுர கிலோமீட்டர். கிண்டியைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல்! வடசென்னைக்காரர்களுக்குச் சொந்தம் கொண்டாட ஓர் இடம் வேண்டுமென்றால் இதுதான். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். மழைக்காலம் முடிந்து பங்குனி வரை பூநாரைக் கூட்டம் வரும். வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, உறிஞ்சி, வடிகட்டித் தின்னும் பறவை அது. அந்த நீரில் உள்ள பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறமிதான் இறகின் சிவப்பு. இரை மாறினால் நிறம் வெளுத்துவிடும். காலளவு தண்ணீரில்தான் மேய்வதற்கு அதற்குத் தோது. முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் ஏரியின் உப்பும் ஆழமும் மாறிவிடும். அப்போது பூநாரையும் கஷ்டப்படும், பாடு முறையில் ஆளுக்கொரு நாள், ஆளுக்கோர் இடம் என்று பிரித்துக்கொண்டு வலை போடும் மீனவரும் கஷ்டப்படுவார். தேசியப் பூங்காவில் மக்களுக்கு உரிமை எதுவும் மிச்சம் வைக்க மாட்டார்கள். சரணாலயத்தில் சில உரிமைகள் தொடரலாம். பழவேற்காட்டில் பறவையும் வலையும் ஒரே தண்ணீரில் இருப்பது அதனால்தான். கட்டுரையில் 'தேசியப் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் வேறுபாடு' என்று கேட்டால் இதையே உதாரணமாக எழுதலாம்.

கடலைச் சொல்லாமல் வடசென்னையைப் பற்றிப் பேச முடியாது. மார்கழி முதல் பங்குனி வரை நம் கரைக்கு முட்டையிட வரும் ஒலிவ நிற ஆமையைத் தமிழில் பங்குனி ஆமை என்பார்கள். முதல் பட்டியல் விலங்கு. ராத்திரியில் கரையேறி, பின்காலால் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலை மூடிவிட்டுப் போய்விடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கும். சூடு கூடினால் பெண் அதிகம். வெளியே வந்த குஞ்சு, கடல்மேல் தெரியும் வெளிச்சத்தை நோக்கி ஓடும். தெருவிளக்கு அதைவிடப் பளிச்சென்று இருந்தால் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

பெசன்ட் நகரிலும் நீலாங்கரையிலும் மாணவர்கள் 1988இலிருந்து ராத்திரி நடந்து முட்டை சேகரிப்பதைப் படித்திருப்பீர்கள். நம்ம கரையில் ஏன் அவ்வளவு இல்லை? ஆமைக்கு நம்மேல் கோபம் எதுவும் இல்லை, மணல்தான் இல்லை. சோழமண்டலக் கரையில் ஆண்டு முழுக்க மணல் நிகரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டியதும் அந்த மணல் தெற்கே தேங்கிவிட்டது. மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வர வேண்டிய மணல் வராததால் கடல் உள்ளே வந்தது. வீடும் தெருவும் போன பிறகு பாறாங்கல் கொட்டிச் சுவர் கட்டினோம். கல்லில் ஆமை ஏற முடியாது. ஏறினாலும் எங்கே தோண்டும்? ஊருக்கு அழகான பீச் கிடைத்த கணக்கில் இந்தப் பற்று வரவை யாரும் எழுதுவதில்லை. காட்டுப்பள்ளிக்கு வடக்கே, பழவேற்காட்டுக் கரையில் மணல் இருக்கிறது, அங்கே முட்டையும் இருக்கிறது.

கரைக்கு வராவிட்டாலும் ஆமை நம் கடலில்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. பெரும்பாலும் மூச்சுத் திணறல். ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. நிம்மதியாகப் படுத்திருக்கும் ஆமை நெடுநேரம் மூச்சடக்கும். இழுவலைக்குள் சிக்கித் திமிறும் ஆமைக்கு அந்த அவகாசம் கிடையாது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆமை கூடும் இடமும் அந்தப் பட்டைதான், இறால் கிடைக்கும் இடமும் அதுதான். வலையின் கழுத்தில் கம்பித் தட்டியும் ஒரு திறப்பும் வைத்தால் இறால் உள்ளே போகும், ஆமை வெளியேறும். மீன் குறையும் என்று பலர் மாட்டுவதில்லை.

காசிமேட்டில் எனக்குத் தெரிந்த ஒரு விசைப்படகு டிரைவர் அண்ணன் இருக்கிறார். அவர் சொன்னது: "வலை மேல வர்றப்பவே தெரிஞ்சிடும்பா, ஆமை தூங்குதா, போயிடுச்சான்னு. வலைய அறுத்து உட்டா எங்க காசு போவும், அறுக்காம உட்டா கேஸு. யார்கிட்ட போய் சொல்றது?" அவரை வில்லனாக்கிக் கட்டுரை எழுதுவது சுலபம். ஆனால் உயிரோடு சிக்கிய ஆமையைக் கவிழ்க்காமல் மெதுவாக இறக்கிவிடுகிறவர்களும் அதே படகுக்காரர்கள்தான். ஏலத்துக்கு வரக்கூடாத வேறு சிலவும் கடலில் உண்டு. திமிங்கிலச் சுறா, வாள் மூக்கு வேளா, கடல் குதிரை, கடல் அட்டை. இவையெல்லாம் 2001இலிருந்து பட்டியலில் இருப்பவை. பேப்பரில் அடிக்கடி வரும் 'திமிங்கில எச்சம் விற்க முயன்றவர் கைது' செய்தியும் இதே சட்டம்தான். கரையில் கிடந்தது என்று சொன்னாலும் வைத்திருக்கக் கூடாது.

சரி, பக்கத்து வீட்டுக்கு வருகிறேன்.

பச்சைக்கிளி நம் நாட்டுப் பறவை. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1990களின் தொடக்கத்திலிருந்தே தடை. கூண்டில் வைப்பதும் அதில் அடங்கும். கிளி ஜோசியக்காரரிடம் இருப்பதும் குற்றம்தான். லவ் பேர்ட்ஸ், காக்கடீல் மாதிரி வெளிநாட்டுப் பறவைகளின் விதி வேறு. அவற்றில் சில இனங்களை 2024 விதிகளின்படி அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கொளத்தூர் கடைகளில் வண்ணமீன் வாங்கும்போது இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. ஆனால் அங்கே இங்கே விற்கும் சிவப்புக் காது ஆமையைக் குழந்தை கேட்டாலும் வாங்காதீர்கள். அது வெளிநாட்டு இனம். உள்ளங்கை அளவில் வாங்கியது தட்டு அளவு வளர்ந்ததும் கோயில் குளத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே உள்ள நம் ஆமைக்கு அது எமன்.

நட்சத்திர ஆமை இன்னும் பெரிய விஷயம். 2022 திருத்தத்தில் முதல் பட்டியலுக்கு ஏறிவிட்டது. 2019இல் பன்னாட்டு ஒப்பந்தத்திலும் உச்ச நிலைக்குப் போனது. சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகப் பிடிபடுவதை எத்தனை முறை படித்திருப்போம்! வீட்டில் இருந்தால் பணம் கொட்டும் என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொன்ன அதே ஊர்தான்.

இதில் எனக்கும் ஒரு பாவக் கணக்கு இருக்கிறது. எனக்கு எட்டு வயதிருக்கும். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து நட்சத்திர ஆமைக்குட்டி வாங்கி வந்தார். விற்றவர் "தண்ணில போட்டு வைங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆமை என்றால் தண்ணீர்தானே என்று நாங்களும் பக்கெட்டில் போட்டு வைத்தோம். நாலாம் நாள் செத்துவிட்டது. அது தரை ஆமை, நீந்தத் தெரியாது. வறண்ட முள்காட்டில் புல்லும் பழமும் தின்று வாழும் பிராணியை நாங்கள் மூழ்கடித்துக் கொன்றிருக்கிறோம் என்பது எனக்குப் பதினைந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

உங்கள் பக்கத்து வீட்டு அக்காவை யாரும் நாளைக் காலை ஜெயிலில் போட வரப்போவதில்லை என்று மகளிடம் சொல்லுங்கள். ஆனால் 'தெரியாது' என்பது சட்டத்தின் முன் நிற்காது என்பதையும் அக்காவிடம் சொல்லத்தான் வேண்டும். வளர்த்த பாசம் இருக்கும், கோபம் வரும். ஜெயில் பேச்சை முதலில் எடுக்காமல், ஆமையைப் பற்றிப் பேச்சைத் தொடங்குங்கள். இப்படிப்பட்ட விலங்கு கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். நாள் கடந்துவிட்டது என்றாலும், யாரோ புகார் கொடுத்து வனத்துறை வீட்டுக்கு வருவதற்கும், தானாகக் கொண்டுபோய் ஒப்படைப்பதற்கும் நடைமுறையில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. கிண்டியில் வனவிலங்குக் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது. முதலில் போன் செய்துவிட்டுப் போவது நல்லது.

ஒன்று மட்டும் செய்யாமல் இருக்கச் சொல்லுங்கள். கிளியைக் கூண்டைத் திறந்து பறக்கவிடுவது, ஆமையைக் கிண்டி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுவிடுவது. கூண்டிலேயே வளர்ந்த கிளிக்குப் பருந்தும் தெரியாது, இரை தேடவும் தெரியாது. இறகு வெட்டியிருந்தால் மதிலுக்கு மேல்கூடப் போகாது, பூனைதான் காத்திருக்கும். வீட்டு ஆமை காட்டு ஆமைகளுக்கு நோயைக் கொண்டுபோகும்.

பாம்புக்கும் இரண்டு வரி, ஏனென்றால் மணலி, மாதவரம், புழல் பக்கத்திலிருந்து மழை நாளில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சாரை, நாகம் எல்லாம் பட்டியலில் உள்ளவை. உயிருக்கு ஆபத்தான நொடியில் தற்காப்புக்காக அடித்தது குற்றமாகாது. மூலையில் ஒதுங்கிக் கிடப்பதைத் தேடிப்போய் அடிப்பது தற்காப்பு இல்லை. கதவைச் சாத்தி, அடியில் துணி அடைத்துவிட்டு, வனத்துறைக்கோ தீயணைப்புக்கோ போன் செய்துவிட்டு, தூரத்திலிருந்து அது எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.

ஆமையை எடுத்துப் போகும் நாளுக்கு: அட்டைப்பெட்டி போதும், பக்கவாட்டில் நாலு ஓட்டை, அடியில் மடித்த பழைய துணி. ஈரம் வேண்டாம், தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம். கிளியைக் கூண்டோடு எடுத்துக்கொண்டு மேலே மெல்லிய துணி போர்த்திக்கொள்ளுங்கள், இருட்டில் பதறாது. பெட்டியும் கூண்டுமாக மெட்ரோவில் ஏற்ற மாட்டார்கள், ஆட்டோதான். மகளையும் கூட்டிப் போங்கள். திரும்பும்போது சிறுவர் பூங்காவுக்குப் போகலாம், செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை.